காவல்காரனுக்குத் தனி அறை

என் அக்காள் மகன் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறான். "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று யாராவது கேட்டால், "ஆர்க்கிடெக்ட்" என்று என் அக்காள் பெருமையோடு சொல்லுவாள். கேட்டவர் உடனே, "அப்படியா? எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு பிளான் போட்டுக் கொடுப்பானா?" என்பார். பாவம், அவன் வீடு கட்டுகிறவன் அல்ல. மோட்டார் கார்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களின் சாப்ட்வேருக்குப் பிளான் போடுகிறவன். எந்தக் காரியத்தை எந்தப் பகுதி செய்வது, எது எதனோடு பேசலாம், எது எதனோடு பேசக் கூடாது, ஒன்று விழுந்தால் மற்றது எப்படி நிற்பது என்றெல்லாம் முன்கூட்டியே வகுத்துக் கொடுப்பது அவன் தொழில். சுவர் எங்கே, கதவு எங்கே என்று தீர்மானிப்பதால் இதற்கும் கட்டடக் கலையின் பெயரையே வைத்துவிட்டார்கள் போலும்.

நானோ கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன்; கதை எழுதிப் பிழைக்கிறவன். உனக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற பொங்கலுக்கு அவன் திருச்சிக்கு வந்திருந்தான். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் சொல்லப் போய், ஆறு வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லும்படி ஆயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"மாமா, ஒருத்தன் தன்னைத்தானே காவல் காத்துக்க முடியுமா?" என்றான்.

வேதாந்தம் பேசுகிறான் என்று எண்ணிக்கொண்டேன். "ஏன் முடியாது? மனச்சாட்சி என்று ஒன்று வேறு எதற்காக இருக்கிறது?" என்றேன்.

"நான் காரைப் பத்திக் கேக்கிறேன், மாமா" என்றான் அவன்.

பிறகு விளக்கமாகச் சொன்னான். அந்தக் காலத்துக் கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும்; என்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியிலுள்ள மூடி, இழுபட்ட அளவுக்குத் திறக்கும். கால் எடுத்தால் மூடிக்கொள்ளும். நடுவே யாரும் இல்லை. இப்போது வருகிற கார்களில் அந்தக் கம்பி கிடையாது. நம் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு கருவி அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் யோசித்து, ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு மூடியைத் திறக்கிறது. அதாவது, முன்பு நம் கால் போட்டது உத்தரவு. இப்போது அது கொடுப்பது விண்ணப்பம். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிற அதிகாரிக்குப் புத்தி பேதலித்துவிட்டால் என்ன கதி?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 2007-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில், ஒக்லஹோமா ராஜ்யத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் தம் சிநேகிதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 2005-ஆம் வருஷத்து டொயோட்டா காம்ரி காரை ஓட்டிச் சென்றார். நெடுஞ்சாலையைவிட்டு இறங்கும்போது கார் நிற்கவில்லை. அவர் கைப்பிரேக்கையும் இழுத்திருக்கிறார். சக்கரம் தேய்ந்த தடம் நூறு அடிக்குக் குறையாமல் சாலையில் கிடந்தது. அப்படியும் நிற்காமல் போய் மோதியது. ஓட்டிய அம்மாளுக்குப் பலத்த காயம். சிநேகிதி இறந்துபோனார்.

இம்மாதிரிப் புகார்கள் பல வந்ததன்மேல் அமெரிக்க சர்க்கார், நாஸாவின் பொறியாளர்களைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தியது. கார் தானாகப் பாய்வதற்கு எலெக்ட்ரானிக் கோளாறு எதுவும் தங்களுக்குத் தென்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. கம்பெனியும் தன் அமைப்பில் குற்றமில்லை என்றே வாதாடியது. ஒக்லஹோமா வழக்கில் மைக்கேல் பார் என்ற நிபுணர், கம்பெனியின் ரகசிய சாப்ட்வேரைக் காவல் போட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்து, தம் கூட்டத்தாருடன் வாசித்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். 2013 அக்டோபரில் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புக் கூறினார்கள். ஓட்டிய அம்மாளுக்குப் பதினைந்து லட்சம் டாலர், இறந்தவர் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம் டாலர் நஷ்ட ஈடு. தண்டத் தொகையை நிர்ணயிப்பதற்கு முன் இரு தரப்பாரும் சமாதானமாகப் போய்விட்டார்கள். அந்தக் கார் ஏன் நிற்கவில்லை என்பதைப் பற்றி இன்றைக்கும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்த நிபுணர் விவரித்த அமைப்பைக் கேட்டபோது நான் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலாவதாக, எல்லாப் பகுதிகளும் எடுக்கலாம், எல்லாப் பகுதிகளும் மாற்றலாம் என்று பொதுவில் வைத்திருந்த தகவல்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தனவாம். பெரிய கூட்டுக் குடும்பத்தில் கூடத்து மாடத்தில் சில்லறையை வைத்துவிட்டு, எடுத்தது யார் என்று சாயங்காலம் தேடுவது போல.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. மூடியை எவ்வளவு திறப்பது என்று கணக்குப் போடும் வேலையும், ஏதாவது தப்பு நடந்தால் கண்டுபிடித்துத் தடுக்கும் வேலைகளில் பலவும், ஒரே பகுதிக்குள் வைக்கப்பட்டிருந்தன என்பது அவர் சாட்சியம். சிப்புக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு ஸ்விட்சுகள் இருக்கின்றன. மின்சாரக் குழப்பத்தாலோ, ஆகாயத்திலிருந்து வரும் ஏதோ ஒரு நுண்துகளாலோ அவற்றில் ஒன்று எப்போதாவது தானே புரண்டுவிடக் கூடும். யாருடைய தப்பும் இல்லை. அப்படி ஒன்று புரண்டு அந்தப் பகுதி செத்துவிட்டால், திறந்த மூடி திறந்தபடி நிற்கும்; அதைக் கவனிக்க வேண்டிய காவல்காரனும் அதே க்ஷணத்தில் அதே படுக்கையில் செத்திருப்பான்.

"காவலுக்கு நாய் ஒண்ணு உண்டு மாமா" என்றான் பையன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் அதற்குக் காவல் நாய் என்றே பெயராம். கம்ப்யூட்டர் வேலைகளைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்வரையில், ஒவ்வொரு சிறு இடைவேளைக்கும் ஒரு தடவை அந்த நாயைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டுவது நின்றால், எஜமானனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நாய் குரைத்து, எல்லாவற்றையும் அணைத்து மறுபடி கிளப்பிவிடும். நல்ல யுக்திதான். ஆனால் அந்தக் காரில் நாயைத் தட்டிக்கொடுத்தது, வேலை செய்கிற பகுதிகள் அல்ல. நேரம் தவறாமல் அடிக்கும் உள்கடிகாரம் என்று சாட்சியம். வீட்டிலுள்ளவர்கள் இறந்து கிடந்தாலும் கடிகாரம் அடித்துக்கொண்டிருக்கும். தலையில் தட்டு விழுந்துகொண்டிருக்கும். நாயும், வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று வாலைக் குழைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

"பின்னே எப்படிச் செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

ஜெர்மன் மோட்டார் கம்பெனிகள் கூடி வகுத்துக்கொண்ட ஒரு முறையைச் சொன்னான். அது மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் வேலை நடக்கிறது. மிதித்த அளவுக்கு என்ஜினை ஓட்டுவது அங்கேதான். இரண்டாம் மாடியில் ஒருவன் அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்து, கேட்டதற்கு அதிகமாக வேகம் போகிறதா என்று கவனிக்கிறான். மூன்றாம் மாடிக்காரன் அந்தக் கட்டடத்திலேயே குடியில்லை. அவன் வேறு ஒரு சிறிய சிப். பெரிய கம்ப்யூட்டரைப் போல் அவனுக்குப் படிப்புக் கிடையாது. கார் ஓட்டத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பதுதான். மாற்றி மாற்றிக் கேள்வி போடுவான். பெரிய கம்ப்யூட்டர் சரியான பதிலைச் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். பதில் தப்பினாலோ, நேரம் தவறினாலோ, சில தடவை பொறுத்துப் பார்ப்பான். அப்புறம் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டான். மூடியைத் திறக்கிற மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடுவான். ஸ்பிரிங் மூடியை இழுத்துக்கொள்ளும். கார் தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குப் போய்ச் சேரும்.

எனக்கு அந்த மூன்றாம் மாடிக்காரனிடம் ஒரு மரியாதை உண்டாயிற்று. கூடவே ஒரு வருத்தமும் உண்டாயிற்று. "இத்தனை பெரிய கம்ப்யூட்டரை இப்படியா சந்தேகப்படுவது? ஒழுங்காக வேலை செய்கிறவனைக் கேள்விமேல் கேள்வி கேட்டால், அவமானம் இல்லையா?" என்றேன்.

"அவன் கெட்டவன்னு யாரும் நினைக்கலே மாமா. அவனுக்கும் ஒரு ஸ்விட்சு புரளலாம்னு நினைக்கிறோம். அவ்வளவுதான்" என்றான்.

இந்த வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. நாம் ஒருவரைச் சந்தேகிப்பது என்றால் அவருடைய யோக்கியதையைச் சந்தேகிப்பதாகவே அர்த்தம் செய்துகொள்கிறோம். "என்னையா கணக்குக் கேட்கிறாய்?" என்று மீசை துடிக்கிறது. கேட்கிறவரும் கூசுகிறார், கேட்காமல் விட்டுவிடுகிறார். அதற்கு நம்பிக்கை என்றும், பெருந்தன்மை என்றும் பெயர் வைக்கிறோம். மனிதனுடைய துஷ்டத்தனத்தைப் பற்றிய சந்தேகம் ஒன்று. அவனுடைய பலவீனத்தைப் பற்றிய சந்தேகம் வேறொன்று. இரண்டாவதில் கொஞ்சம் இரக்கம்கூட இருக்கிறது என்று அன்று தோன்றியது.

"சரி, வெளியிலிருந்து ஒருவன் கேள்வி கேட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

"அதுவும் போதாது, மாமா" என்று பையன் சிரித்தான்.

அதே ஜெர்மனியில், வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்களைப் பற்றி 2015 செப்டம்பரில் ஒரு விஷயம் அம்பலமாயிற்று. புகையில் விஷ வாயு எவ்வளவு இருக்கிறது என்று சர்க்கார் சோதிக்கும்போது, காரை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. இதையும் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் காற்றழுத்தத்தையும் வைத்து, "இப்போது பரீட்சை நடக்கிறது" என்று காரின் சாப்ட்வேர் கண்டுகொள்ளும். உடனே மகா யோக்கியனாகிவிடும். பரீட்சை முடிந்து ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்குவரை விஷ வாயு வெளிவந்ததாக அமெரிக்க சர்க்கார் சொல்லிற்று. உலகமெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் இந்தச் சாப்ட்வேர் இருந்தது. இதற்கு முதலில் தடம் காட்டியவர்கள், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில பேர். 2013-ல் அவர்கள் அளக்கும் கருவிகளைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு, சாதாரண ஜனங்களைப் போல ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கம்பெனி 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 430 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. இன்ஜினீயர் ஒருவருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

முன்கூட்டித் தெரிந்த நேரத்தில், முன்கூட்டித் தெரிந்த இடத்தில் வருகிற காவல்காரனைப் பற்றித் திருடனுக்குக் கவலை இல்லை. அது ஒரு பாடம். ஆனால் என் அக்காள் மகன் மனத்தில் வேறொன்று இருந்தது. "ஒக்லஹோமாவிலே மிஷினுக்குக் காவல் சரியில்லே. இங்கே மிஷின் சொன்னபடிதான் கேட்டது. அதை எழுதின கைக்குத்தான் காவல் இல்லே" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, தான் கேட்க வந்ததைக் கேட்டான்.

காரின் மின்சார, எலெக்ட்ரானிக் அமைப்புகளுக்கென்று, சாப்ட்வேரையும் சேர்த்து, ஐ.எஸ்.ஓ. 26262 என்று ஒரு சர்வதேச விதிநூல் இருக்கிறது. 2011-ல் முதலில் வெளிவந்து, 2018-ல் திருத்தப்பட்டது. ஆபத்தின் அளவைப் பார்த்து ஒவ்வொரு காரியத்துக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடச் சொல்கிறது. டி என்றால் உயிர் போகிற விஷயம். டி தரத்து வேலையைக் கடைசியில் மதிப்பிட்டுச் சொல்லுகிறவர், அதைச் செய்தவருக்குக் கீழ்ப்பட்டவராகவோ, அதே தலைவரின் கீழ் இருப்பவராகவோ இருக்கக் கூடாது என்பது விதி. பையன் போட்ட ஒரு பிளான் அந்தத் தரத்தைச் சேர்ந்தது. கெடு நெருங்கிவிட்டது. வெளி ஆளைத் தேடினால் மூன்று வாரம் தாமதமாகும். அவனுக்கு மேலே இருப்பவர், "உன் கீழ் வேலை செய்கிற பையனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடு. உன்னைவிட இதை யாருக்குத் தெரியும்? நீ தப்புச் செய்வாயா?" என்றாராம்.

"தப்பு ஒண்ணும் இல்லேன்னுதான் எனக்கும் தோணறது. பத்துத் தடவை பார்த்துட்டேன். என்ன செய்யட்டும் மாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் உண்டு. ஒன்பது வருஷமாக நான் அதன் பொருளாளர். கதை எழுதுகிறவனிடம் கணக்கை ஒப்படைத்தார்கள். பொய்யே இவன் பிழைப்பு என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கணக்கை வேறோர் அங்கத்தினர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் வருஷம் நோட்டை நீட்டியபோது, "உங்களையா சார் சந்தேகப்படப் போகிறோம்? நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து நானே எழுதி, நானே மாதக் கடைசியில் சிவப்பு மையில் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டு வந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் என் பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. படிப்பகத்தின் கட்டட நிதியிலிருந்து இருபதாயிரம் ரூபாய் எடுத்தேன். நோட்டில் "கையிருப்பு" என்றே எழுதினேன். நான்கு மாதத்தில் முழுவதையும் வைத்துவிட்டேன். ஒரு காசு குறையவில்லை. ஒருவருக்கும் தெரியாது. அந்த நான்கு மாதமும் கடைசித் தேதி வந்தது. சிவப்புக் கையெழுத்தும் விழுந்தது. நாயைக் கடிகாரம் தட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில், படிப்பகத்தைப் பெருக்குகிற அம்மாள் வந்து, பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டும் என்று மூவாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டாள். "கமிட்டியைக் கேட்காமல் நான் எப்படி அம்மா கொடுப்பது? அது பொதுப் பணம்" என்றேன். என் குரல் அப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை. அவள் வட்டிக்காரனிடம் வாங்கினாள்.

வாசகர்களே, நான் திருடன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. மனச்சாட்சி எங்கே போயிற்று என்கிறீர்களா? எங்கும் போகவில்லை. உள்ளேயே இருந்தது. பணத்தை எடுத்த புத்தி எதுவோ, அதே புத்திதான் கணக்கையும் பார்த்தது. எடுத்ததற்கு அது வைத்திருந்த சமாதானங்களையே, சரிபார்ப்பதற்கும் வைத்துக்கொண்டது. என் காவல்காரனுக்கு நான்தான் சோறு போட்டேன். என் படுக்கையில்தான் அவன் படுத்தான்.

இதையெல்லாம் அக்காள் மகனிடம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவன் என்னைத் தேற்றவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "விளக்குப் போடட்டுமா மாமா?" என்று எழுந்தான்.

பங்குனியில் படிப்பகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. கணக்கைப் பார்க்க வேறோர் ஆளைப் போட வேண்டும் என்று நானே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பெருக்குகிற அம்மாளிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி கேட்டுவிட்டு, "அதான் வட்டி கட்டி முடிச்சாச்சே சார்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினாள். அந்த வட்டிக்கு எந்த நோட்டில் வரவு வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்திரை பிறந்ததும் சென்னையிலிருந்து பையன் போனில் பேசினான். வெளி ஆள்தான் பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக எழுதிக் கொடுத்துவிட்டானாம். மூன்று வாரம் தாமதமாயிற்று. மேலே இருப்பவருக்கு மனத்தாங்கல். இந்த வருஷம் சம்பள உயர்வு சந்தேகந்தான்.

"வந்தவர் ஏதாவது தப்புக் கண்டுபிடித்தாரா?" என்று கேட்டேன்.

"சின்னதா இரண்டு விஷயம். பெரிசா ஒண்ணும் இல்லே மாமா."

"அடடா, ஒன்றும் இல்லாததற்கா இத்தனை பாடு?"

"ஒண்ணும் இல்லேங்கறதை வேற ஒருத்தர் சொன்னாத்தானே மாமா" என்றான் அவன்.